ஏழு நாள் முன்னால் எடுத்த ஸ்கேன்

பெரிய போட்டிக்கு ஏழு நாள் இருக்கும்போது, நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு பெண்ணை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்க அனுப்பினேன். முறைப்படி பார்த்தால் அதில் பிழை ஒன்றும் இல்லை. அணி மருத்துவர் சரி என்றார், பயிற்சியாளர் சரி என்றார், அவளும் தலையாட்டினாள். இத்தனை ஆண்டுகளில் அதற்காக என்னை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆனாலும் என்னிடம் வேலை பழக வரும் இளம் பிசியோக்கள் யாராவது, "மேடம், சந்தேகமா இருந்தா ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துடலாமே, அதுல என்ன இருக்கு?" என்று கேட்கும்போது எனக்கு வாயடைத்துப் போகிறது. அதில் என்ன இருக்கிறது என்று சொல்ல ஒரு மாலைப் பொழுது முழுவதும் வேண்டும். எழுதியே விடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எந்த ஆண்டு, எந்தப் போட்டி, எந்த ஊர் கேம்ப் என்பதை எழுதப்போவதில்லை. அவள் 4x400 மீட்டர் தொடர் ஓட்டக் குழுவில் இருந்தவள். அந்தக் குழுவில் ஆறு பேர்தான் இருப்பார்கள்; ஆண்டைச் சொன்னால் ஆளையே சொன்னதாகிவிடும். அவள் இன்றும் இந்தத் துறையில்தான் இருக்கிறாள், இதை எழுதட்டுமா என்று கேட்டு, சரி என்று சொன்ன பிறகுதான் எழுதுகிறேன்.

கடைசிப் பத்து நாள்

போட்டி நெருங்க நெருங்க எங்களுக்கு வேலை கூடும் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் கடைசிப் பத்து நாளில் ஓட்டக்காரர் ஒருவரின் உடம்பில் புதிதாகச் சேர்ப்பதற்கு எதுவுமே இல்லை. சேர்க்க வேண்டியதையெல்லாம் பல மாதங்களாகச் சேர்த்தாகிவிட்டது. இனிச் செய்ய வேண்டியது களைப்பை இறக்குவது மட்டும்தான். கேம்ப்களில் இதை டேப்பர் என்போம். ஓடும் வேகத்தைக் குறைக்காமல் ஓடும் அளவை மட்டும் குறைப்பது. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2007-இல் வெளியான ஒரு கட்டுரை, ஏறக்குறைய இரண்டு வாரம், பயிற்சியின் அளவில் 41 முதல் 60 சதவீதம் வரை குறைப்பு, தீவிரத்தில் குறைப்பே கூடாது என்ற கணக்குதான் அதிகப் பலன் தருகிறது என்று சொன்னது. எனக்குத் தெரிந்த மூத்த பயிற்சியாளர்கள் சிலர் எதையும் படிக்காமலேயே, பிள்ளைகள் ஓடுவதைப் பார்த்துப் பார்த்து, அதே கணக்குக்கு வந்து சேர்ந்திருந்தார்கள்.

அளவு குறைந்ததும் உடம்பு பேசத் தொடங்கும். அதுவரை தினமும் இரண்டு வேளை அடித்துப் போட்டதுபோல் படுத்துத் தூங்கியவர்களுக்கு இப்போது மாலையில் இரண்டு மணி நேரம் சும்மா இருக்கிறது. அந்தச் சும்மா இருக்கும் நேரத்தில்தான் முழங்காலில் ஏதோ செய்கிறது, கணுக்காலில் சத்தம் கேட்கிறது, இடுப்பு ஒரு பக்கமாக ஏறியிருப்பதாகத் தோன்றுகிறது. பெரும்பாலும் அவை அத்தனையும் போட்டியன்று காலையில் காணாமல் போய்விடும். ஆகவே எங்கள் வேலையும் மாறிவிடுகிறது. காலையில் எத்தனை மணி நேரம் தூங்கினாய் என்று கேட்பது, உடம்பில் தண்ணீர் போதுமா என்று தெரிய சிறுநீரின் நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்வது, உடம்பு எப்படி இருக்கிறது என்பதற்குப் பத்துக்கு எத்தனை என்று குறித்துக்கொள்வது, தசையின் மேல் ஒட்டும் டேப்பை வெட்டி, உரிந்து வராமல் இருக்க முனைகளை வளைவாகக் கத்தரித்து அடுக்கி வைப்பது. வீட்டிலிருந்து அம்மா அனுப்பிய லேகியத்தைக் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிப் பெட்டியில் பூட்டுவதும் இந்த நாட்களில்தான். ஊக்கமருந்து விதியில், தெரியாமல் சாப்பிட்டேன் என்ற பேச்சுக்கே இடமில்லை. உடம்பில் கிடைத்தால் அதற்கு அந்த வீரரே பொறுப்பு. லேகியத்தில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று அந்த அம்மாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பாசத்தோடு வந்த ஒன்றைப் பிடுங்கி வைப்பது கஷ்டமான காரியம். அதையும் செய்துதான் ஆக வேண்டும்.

இரவு ஒன்பது மணிக்கு மேல் கதவு தட்டப்படும். தசைக்காக வருபவர்கள் குறைவு. தலையணையில் முகத்தை வைத்துக் குப்புறப் படுத்து, முதுகில் ஒருவர் கை இருக்க, அரை மணி நேரம் ஏதாவது பேச வேண்டும் என்பதற்காக வருகிறார்கள். அதைப் புரிந்துகொள்ள எனக்கு நான்கைந்து ஆண்டுகள் ஆயின.

"வலிக்கல அக்கா, பிடிக்குது"

அன்று இரவு அவள் வந்தபோது மணி பத்தாகப் போகிறது. இரண்டு நாளில் விமானம், ஏழாம் நாள் தகுதிச் சுற்று. டேபிளின் மேல் ஏறும்போது வலது காலைத்தான் முதலில் தூக்கிப் போட்டாள், எப்போதும் போல. பின்தொடையில் வலி இருப்பவர்கள் அந்தக் காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு மற்றக் காலைத் தூக்குவார்கள், அல்லது இரண்டையும் சேர்த்துத் திருப்பி ஏறுவார்கள். அது என் கண்ணில் பட்டது, மனத்தில் எழுதிக்கொண்டேன்.

"அக்கா, வலது கால் பின்னாடி லேசா பிடிக்கிற மாதிரி இருக்கு."

"வலிக்குதா?"

"வலிக்கல அக்கா, பிடிக்குது. வளைவுல மட்டும்."

எங்கள் பாடப் புத்தகங்கள் வலியை ஒன்று முதல் பத்து வரை எண்ணால் அளக்கச் சொல்கின்றன. தமிழ் பேசும் பிள்ளைகளோடு வேலை செய்பவர்களுக்கு அந்த எண்ணைவிட நல்ல கருவி கையில் இருக்கிறது. கடுப்பு என்று ஒருவர் சொன்னால் நேற்றைய உழைப்பு பேசுகிறது என்று பொருள். உளைச்சல் என்றால் தூக்கம் போதவில்லை, அல்லது நீண்ட நேரம் நின்றிருக்கிறார். குடைச்சல் என்றால் எலும்புப் பக்கம் பார்க்க வேண்டும். இரவில் குடைகிறது என்றால் உடனே பார்க்க வேண்டும். சுளுக்கு மூட்டில், இழுப்பு ஆடுசதையில். பின்தொடைத் தசை கிழியும்போது யாரும் இவற்றில் எதையும் சொல்வதில்லை. "சுரீர்னு இருந்துச்சு", "யாரோ பின்னாலேர்ந்து கல்லால அடிச்ச மாதிரி டப்புனு கேட்டுச்சு" என்பார்கள், எந்த மீட்டரில் நடந்தது என்பதையும் சொல்வார்கள். அவள் சொன்ன சொல் பிடிப்பு. சொல்லைத் தேடித்தான் சொன்னாள். வலி இல்லை என்பதை இரண்டு முறை சொன்னாள்.

குப்புறப் படுக்க வைத்துக் கட்டைவிரலால் உட்காரும் எலும்பிலிருந்து முழங்கால் மடிப்பு வரை வெளிப்பக்கத் தசையைத் தடவிக்கொண்டே வந்தேன். இந்த இடத்தில் கண்ணுக்கு வேலை இல்லை, காதுக்குத்தான் வேலை. விரல் கிழிந்த இடத்துக்கு வந்தால், பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பவர்களுக்கும் மூச்சு அரை நொடி நின்றுவிடும். அவளுடைய மூச்சு நிற்கவில்லை. அந்த நேரத்தில் தன் தங்கையின் கல்லூரி அட்மிஷனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள், வாக்கியம் எங்கும் அறுபடவில்லை. மல்லாக்கப் படுக்க வைத்துக் காலை நேராகத் தூக்கிப் பார்த்தேன். இரண்டு காலும் ஒரே உயரம். குதிகாலை என் கையில் அழுத்தச் சொல்லி, முழங்காலை லேசாக மடித்தும் நன்றாக மடித்தும் பலத்தை அளந்தேன். இரண்டுக்கும் பேச்சுக்குக்கூட வித்தியாசமில்லை. ஒற்றைக் காலில் இடுப்பைத் தூக்கி நிறுத்தச் சொன்னேன்; நிறுத்திக்கொண்டே பேசினாள்.

அங்கேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். கையும் காதும் தெளிவாகச் சொல்லிவிட்டன. இரண்டு நாள் வளைவு ஓட்டத்தைக் குறைத்து, காலையில் மீண்டும் ஒருமுறை பார்ப்போம் என்று சொல்லி, அரை மணி நேரம் எண்ணெய் போட்டுத் தேய்த்து அனுப்பியிருந்தால் அவள் தூங்கியிருப்பாள். நான் சொன்னது இது: "எதுக்கும் ஒரு ஸ்கேன் பாத்துடுவோம்டா."

"எதுக்கும்" என்ற அந்த ஒற்றைச் சொல்லைத்தான் இத்தனை ஆண்டுகளாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எதுக்கும் என்றால் எதற்கு

அதே பருவத்தில், நான்கு மாதங்களுக்கு முன்னால், நான் "ஓடலாம்" என்று சொல்லி அனுப்பிய ஓர் இளைஞன் என் கண் முன்னால் முந்நூறாவது மீட்டரில் தொடையைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். தூக்கிக்கொண்டு வந்த பிறகு பொறுப்பில் இருந்த ஒருவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, அவனுக்கு எப்படி இருக்கிறது என்பதில்லை. "ஸ்கேன் எடுத்தீங்களா?" என்றார். இல்லை என்றேன். அவர் வேறு எதுவும் கேட்காமல் திரும்பிப் போனார். அவர் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். கேட்காமல் போனதால் அந்தக் கேள்வி என்னிடமே தங்கிவிட்டது.

இந்த வேலையில் இருப்பவர்கள் எல்லோருக்கும் சில காட்சிகள் மனத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கின் நானூறு மீட்டர் அரையிறுதியில் பிரிட்டன் ஓட்டக்காரர் டெரெக் ரெட்மண்ட் பின்தொடை கிழிந்து நொண்டிக்கொண்டே வர, தடுப்பைத் தாண்டி ஓடி வந்து மகனைத் தாங்கிய அப்பா. 2008 பெய்ஜிங்கில் ஒரு நாடே காத்திருக்க, குதிகால் தசைநாண் வலியால் ஓடாமல் திரும்பி நடந்த சீனத் தடை ஓட்டக்காரர் லியூ ஷியாங். 2017 லண்டனில் தன் கடைசித் தொடர் ஓட்டத்தில் தரையில் உருண்ட உசைன் போல்ட். மற்றவர்கள் இந்தக் காட்சிகளில் வீரரைப் பார்க்கிறார்கள். நாங்கள் திரையில் வராத இன்னொருவரைத் தேடுகிறோம், முந்தின நாள் இரவு அந்தக் காலைத் தொட்டுப் பார்த்தவரை. அந்த ஆள் நானாக இருந்துவிடக் கூடாது என்ற பயம் எனக்குள் நான்கு மாதமாக இருந்தது. ஆகவே அந்த "எதுக்கும்" அவளுடைய தொடைக்காகச் சொல்லப்பட்டதில்லை. ஏதாவது நடந்துவிட்டால் என் கையில் ஒரு காகிதம் இருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்லப்பட்டது. இதை எனக்கு நானே ஒப்புக்கொள்ள இரண்டு ஆண்டுகள் ஆயின.

மறுநாள் மாலை ரிப்போர்ட் வந்தது. புதிய கிழிசல் இல்லை. பைசெப்ஸ் ஃபெமோரிஸ் என்ற பின்தொடையின் வெளிப்பக்கத் தசையும் தசைநாணும் சேரும் இடத்தில் ஒரு பழைய தழும்பு. அதைச் சுற்றி லேசான நீர்க்கோப்பு. இரண்டு பருவங்களுக்கு முன்னால் அவளுக்கு அந்த இடத்தில் ஒரு காயம் இருந்து, ஆறு வாரத்தில் சரியாகி, அதன் பிறகு அந்தக் காலோடுதான் அவள் தன் வாழ்நாளின் சிறந்த நேரங்களை ஓடியிருந்தாள். ஸ்கேன் காட்டியது அவளோடு இரண்டு ஆண்டுகளாக ஓடிவந்த ஒன்றை. மருத்துவர் படித்துவிட்டு, ஓடலாம், தடையில்லை என்றார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. நல்ல சேதியைச் சொல்லும் குரலில்தான் அவளிடம் போய்ச் சொன்னேன்.

அவள் ரிப்போர்ட்டைத் தன் போனில் வாங்கிப் பார்த்தாள். பன்னிரண்டாவது வரை தமிழ் வழியில் படித்தவள்; ஆங்கிலத்தில் இருந்த நான்கு வரிகளை விரலை வைத்து நகர்த்தி நகர்த்திப் படித்தாள்.

"ஸ்கார்னா தழும்புதானே அக்கா?"

"ஆமா. பழசு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி பட்டதுதான்."

"அப்போ அது இன்னும் உள்ளேயேதான் இருக்கா?"

நான் விளக்கினேன். நன்றாகவே விளக்கினேன் என்றுதான் நினைக்கிறேன். முழங்காலில் சின்ன வயதில் விழுந்த தழும்பு எல்லோருக்கும் இருக்கிறதே, அதனால் யாராவது நடக்காமல் இருக்கிறார்களா என்றேன். சிரித்தாள். ஆனால் அறையை விட்டுப் போகும்போது அவள் கொண்டு வந்த சொல்லை என்னிடமே விட்டுவிட்டு, நான் கொடுத்த சொல்லை எடுத்துக்கொண்டு போனாள். பிடிப்பு என்பது வந்து போகும் ஒன்று. இரவு தேய்த்தால் காலையில் விட்டுப்போகும். தழும்பு போகாது. அந்த நிமிடத்தில் அது எனக்கு உறைக்கவில்லை.

தடுப்புக் கம்பிக்கு இந்தப் பக்கம்

அடுத்த நாள் காலையில் அவள் வழக்கமாகக் கேட்காத ஒன்றைக் கேட்டாள்: பின்தொடைக்கு டேப். போட்டுவிட்டேன். அதற்கு மறுநாள் டேப்பை இன்னும் கொஞ்சம் நீளமாகப் போடச் சொன்னாள். விமானத்தில் எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தாள். சாப்பாட்டுத் தட்டு வந்தபோது இடது கையால் சாப்பிட்டதைக் கவனித்தேன். வலது கை தொடைக்கு அடியில் இருந்தது. போய்ச் சேர்ந்த ஊரில் பயிற்சி மைதானத்தில் அவளுடைய ஓட்டத்தைப் பார்த்த பயிற்சியாளர், "ஸ்டெப்ப சுருக்குறா பாரு" என்று மெதுவாகச் சொன்னார். எனக்கும் தெரிந்தது. வளைவில் வலது காலை நீட்டி வீச வேண்டிய இடத்தில் அரைச் சாண் குறைத்து வைத்தாள். கூப்பிட்டு மீண்டும் எல்லாச் சோதனையும் செய்தேன். பலம் அப்படியே இருந்தது. ஒன்றே ஒன்றுதான் மாறியிருந்தது: என் கட்டைவிரல் அந்தத் தழும்பின் மேல் போனபோது மூச்சு நின்றது. ஐந்து நாளுக்கு முன்னால் அதே இடத்தில் நிற்காத மூச்சு.

போட்டி மைதானங்களில் வீரர்கள் அழைப்பு அறைக்குள் போய்விட்டால் எங்களுக்கு அதற்கு மேல் அனுமதி கிடையாது. எண் பட்டை, ஸ்பைக்ஸ், பை எல்லாவற்றையும் அங்கே சரிபார்ப்பார்கள், போனை வாங்கி வைத்துவிடுவார்கள். அந்த வாசல் வரைக்கும்தான் நாங்கள். அதற்கு அப்பால் அவர்கள் உடம்பும் அவர்கள் மனமும் மட்டும். நான் வார்ம்-அப் மைதானத்தின் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவர்கள் வரிசையாக உள்ளே நடப்பதைப் பார்த்தேன். மற்ற மூவரும் முன்னால் பார்த்துக்கொண்டு போனார்கள். அவள் இரண்டு முறை வலது கையைப் பின்னால் கொண்டுபோய், சட்டைப் பையில் பணம் இருக்கிறதா என்று பேருந்தில் தொட்டுப் பார்த்துக்கொள்வோமே, அப்படி அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

இரண்டாவது ஆளாக ஓடினாள். தசை கிழியவில்லை, ஒன்றும் ஆகவில்லை. தன் வழக்கமான நேரத்தைவிட ஒரு நொடிக்கும் மேல் கூடுதலாக எடுத்துக்கொண்டாள். குழு எப்படியோ தேறிவிட்டது. அன்று இரவே பயிற்சியாளர் இறுதிப் போட்டிக்கான பட்டியலில் அவளுக்குப் பதிலாக இன்னொருவரைப் போட்டார். அவர் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். இறுதிப் போட்டியன்று அவள் மற்றவர்களின் பைகளைத் தூக்கிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்து கத்தி உற்சாகப்படுத்தினாள். முடிந்ததும் கழிப்பறைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிப் போனவள், முக்கால் மணி நேரம் கழித்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். நான் எதுவும் கேட்கவில்லை.

ஸ்கேன்தான் காரணம் என்று நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. பெரிய மைதானத்தில் முதல் முறை ஓடுபவர்களுக்குக் கால் கனப்பது உண்டு. பயண அலுப்பு உண்டு. அவள் மனத்தில் வேறு என்ன இருந்ததோ. ஆனால் கைக்குத் தெரிந்தது தெரிந்ததுதான். ஐந்து நாளில் அந்தத் தசையில் எதுவும் மாறவில்லை, அதைப் பற்றி அவள் அறிந்திருந்ததுதான் மாறியது.

பிற்பாடு படித்தவை

ஊருக்குத் திரும்பிய பிறகு இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். 2014-இல் வெளியான ஓர் ஆய்வு, பின்தொடைக் காயம் முழுக்கத் தேறி விளையாட்டுக்குத் திரும்பிய 53 வீரர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்தது. அவர்களில் 89 சதவீதம் பேருக்கு ஸ்கேனில் இன்னும் நீர்க்கோப்பின் அடையாளம் இருந்தது. 42 சதவீதம் பேருக்குத் தழும்புத் திசு போலத் தெரிந்தது. அத்தனை பேரும் பரிசோதனையில் தேறியவர்கள். முதுகெலும்பைப் பற்றி 2015-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, முதுகுவலியே இல்லாத 20 வயதினரில் 37 சதவீதம் பேருக்கு முள்ளெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் வட்டில் தேய்மானம் ஸ்கேனில் தெரிவதாகச் சொன்னது. பிரிட்டிஷ் தடகள அமைப்பு தசைக் காயங்களை வகைப்படுத்தும் முறையில் பூஜ்யம் என்றே ஒரு நிலை இருக்கிறது: வீரருக்கு வலி உண்டு, ஸ்கேனில் ஒன்றும் இல்லை. வலி இருந்தும் படம் சுத்தமாக இருக்கலாம். படத்தில் ஏதேதோ இருந்தும் வலி இல்லாமல் இருக்கலாம். இதெல்லாம் எனக்கு முன்பே ஓரளவு தெரிந்ததுதான். தெரிந்திருந்தும் அந்த இரவில் கைக்கு உதவவில்லை.

தெரிந்துகொள்வதே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்ல நினைக்கும்போதெல்லாம் நீரஜ் சோப்ரா குறுக்கே வந்து நிற்கிறார். 2024 செப்டம்பரில் பிரஸ்ஸல்ஸில் நடந்த டயமண்ட் லீக் இறுதிக்குச் சில நாட்கள் முன்னால் அவருடைய இடது கையில் நான்காவது உள்ளங்கை எலும்பு முறிந்திருப்பது எக்ஸ்-ரேயில் தெரிந்தது. முறிந்த கை என்று தெரிந்துகொண்டே போய் ஈட்டியை 87.86 மீட்டர் எறிந்தார். ஒரே ஒரு சென்டிமீட்டரில் முதலிடம் போனது. அந்த அறிவு அவரைத் தடுக்கவில்லை. ஆனால் அதே மனிதர், அதற்கு ஒரு மாதம் முன்னால் பாரிஸில் 89.45 மீட்டர் எறிந்து வெள்ளி வென்ற பிறகு, எறியும்போது தன் கவனத்தில் அறுபது எழுபது சதவீதம் காயத்தின் மேல்தான் இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொன்னார். உலகத்தின் மிக வலிமையான மனங்களில் ஒன்று அது. அந்த மனத்திலேயே தொடை இடுக்கில் இருந்த ஒரு காயம் இவ்வளவு இடத்தைப் பிடித்துக்கொள்கிறது என்றால், இருபத்திரண்டு வயதில் முதல் முறையாக வெளிநாட்டு மைதானத்தில் இறங்கப் போகும் பெண்ணிடம், இல்லாத காயத்துக்கு ஒரு பெயரைக் கொடுத்து அனுப்பிய என்னை எதில் சேர்ப்பது?

பி.டி. உஷாவைப் பற்றியும் நிறைய யோசித்திருக்கிறேன். 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் நானூறு மீட்டர் தடை ஓட்டத்தில் 55.42 நொடி, வெண்கலம் 55.41-க்குப் போனது. அங்கே தனக்கு ஏற்ற சத்தான உணவு கிடைக்காமல் கஞ்சியும் ஊறுகாயுமாகச் சாப்பிட்டு ஓடியதை அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். எனக்குப் பாடம் சொன்னவர்கள் எல்லோரும் அந்த நூறில் ஒரு பங்கு நொடியைச் சொல்லித்தான் எங்களை இந்த வேலைக்குத் தயார் செய்தார்கள். உடன் ஓர் உணவு வல்லுநர், ஒரு பிசியோ, ஒரு மசாஜர் இருந்திருந்தால் அந்தப் பதக்கம் நம்முடையது என்பார்கள். உண்மைதான். 39 ஆண்டுகள் கழித்து 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் கோயம்புத்தூரின் வித்யா ராம்ராஜ் தகுதிச் சுற்றில் அதே 55.42-ஐ ஓடி, மறுநாள் வெண்கலமும் வாங்கியபோது நான் தொலைக்காட்சி முன்னால் நின்றுகொண்டு அழுதேன். இன்று வீரர்களைச் சுற்றி ஆட்கள் இருக்கிறார்கள், நல்லது. ஆள் இல்லாததால் போன நொடியின் கணக்கு நம் எல்லோருக்கும் மனப்பாடம். ஆள் இருந்ததால் போன நொடியை யாரும் கணக்கு வைப்பதில்லை. என் கணக்கில் ஒரு நொடிக்கும் மேல் இருக்கிறது.

இப்போது என்ன செய்கிறேன் என்றால், இரவில் யாராவது வந்து ஏதோ செய்கிறது என்று சொல்லும்போது, எனக்குள் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்கிறேன்: படத்தில் எது வந்தாலும் நாளைக் காலையில் நான் செய்யப்போவது மாறுமா? மாறும் என்றால் நள்ளிரவானாலும் வண்டியை எடுக்கச் சொல்கிறேன். இப்போதெல்லாம் ஒலிம்பிக் கிராமத்தின் மருத்துவ மையத்திலேயே எம்.ஆர்.ஐ. இயந்திரம் உண்டு, எடுப்பது மிக எளிது, எளிது என்பதாலேயே இன்னும் கவனமாக இருக்க வேண்டியிருக்கிறது. மாறாது என்றால் எடுப்பதில்லை. வீரரிடம் எதையும் மறைப்பதும் இல்லை. என் கையில் என்ன தெரிந்ததோ அதை அவர் சொன்ன சொல்லாலேயே அவரிடம் சொல்கிறேன். பயத்தை என் அறையிலேயே வைத்துக்கொள்கிறேன். சில இரவுகளில் தூக்கம் வருவதில்லை. அந்தத் தூக்கமின்மைக்கும் சேர்த்துத்தான் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். நாளைக்கே நான் படம் எடுக்காமல் அனுப்பிய ஒருவருக்குத் தசை கிழியலாம். அன்று "ஸ்கேன் எடுத்தீங்களா?" என்று மறுபடி யாராவது கேட்பார். இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். அதற்கு நான் முழுவதும் தயாராகிவிட்டேன் என்று சொல்ல முடியவில்லை.

அவள் அதற்குப் பிறகு மூன்று பருவம் ஓடினாள், அதே தழும்போடு. இப்போது ஒரு மாவட்டத் தலைநகரில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறாள். போன ஜனவரியில் ஓர் இரவு, பத்து மணி இருக்கும், போன் வந்தது. அவளிடம் ஓடும் பதினேழு வயதுப் பெண் ஒருத்திக்குத் தேசிய அளவிலான போட்டி ஐந்து நாளில்.

"அக்கா, தொடையில என்னமோ பண்ணுதுங்குறா. அவங்க அப்பா ஸ்கேன் எடுத்துடலாம்னு நிக்கிறாரு. எடுக்கச் சொல்லவா?"

"நீ தொட்டுப் பாத்தியா?"

"பாத்தேன்."

"மூச்சு நின்னுச்சா?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அவளுக்கு நான் எதைக் கேட்கிறேன் என்று தெரியும்.

"இல்லக்கா. பேசிக்கிட்டேதான் இருந்தா. நிறுத்தவே இல்ல."

"அவ என்ன வார்த்தை சொன்னா?"

"பிடிக்குதுன்னா."

"சரி. அவங்க அப்பாகிட்ட போனைக் குடு" என்றேன்.